வீழ்ச்சியின் விலை: உயரத்தில் உழைப்போர் பாதுகாப்பின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கயிறு மிகப் பழைய பொருள். முடிச்சும் அவ்வாறே. கடலோடியவர்களும் கோபுரம் எழுப்பியவர்களும் கயிற்றின் வலிமையையும் அதன் எல்லையையும் நன்கு அறிந்திருந்தனர். ஆயினும் அக்கயிற்றின் ஒரு முனையைக் கட்டடத்திலும் மறுமுனையை உயரத்தில் நிற்கும் வேலையாளின் உடலிலும் பிணைத்துவிடவேண்டும் என்பது சட்டத்தின் பொதுவிதியாகி ஒரு நூற்றாண்டுகூட நிறையவில்லை. கல்லை மேலேற்றிய கயிறு, அக்கல்லை அடுக்கியவனைப் பற்றிக்கொள்வதற்கு ஏன் இத்துணைக் காலம் பிடித்தது? பொருள்களின் வளர்ச்சியை, அதாவது சணலிலிருந்து நைலோனுக்கும் இரும்பிலிருந்து உருக்குக்கும் நிகழ்ந்த மாற்றத்தை, இதற்கு விடையாகக் கூறுவதுண்டு. அவ்விடை பொய்யன்று, ஆனால் அரைவாசி விடையே. மற்றைய அரைவாசியைக் காண வேண்டுமாயின், விழுந்தவனின் வீழ்ச்சிக்கு ஒவ்வொரு காலத்திலும் விலை கொடுத்தவர் யார் என்று நோக்குதல் வேண்டும்.

வீழ்ச்சி பற்றிய மிகப் பழைய விதிகளுள் ஒன்று விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் இடம்பெறுகின்றது. உபாகமம் 22ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனம், புதுவீடு கட்டுவோன் அதன் கூரையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்புதல் வேண்டும் என்றும், எழுப்பாதவிடத்து ஒருவர் விழுந்து இறப்பாராயின் அந்த இரத்தப்பழி அவ்வீட்டைச் சாரும் என்றும் விதிக்கின்றது. தட்டைக் கூரையில் மக்கள் உறங்கியும் தானியமும் சணலும் உலர்த்தியும் வாழ்ந்த நிலத்தின் விதி இது. பொறுப்பு விழுந்தவனிடம் வைக்கப்படவில்லை, உடைமையாளனிடமே வைக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. எனினும் இவ்விதி காப்பது வீட்டாரையும் விருந்தினரையுமே. அச்சுவரை எழுப்பும் தொழிலாளி, சுவர் எழும்பி முடியும்வரை வெறும் விளிம்பில் நிற்கின்றான். பாதுகாப்பு என்பது கட்டி முடிந்த கட்டடத்துக்கே உரியது, கட்டுவோனுக்கு உரியதன்று என்னும் இந்நிலை இருபதாம் நூற்றாண்டுவரை நீடித்தது.

மத்திய காலத்தில் வீழ்ச்சியின் பொருள் வேறு. 1174இல் தீக்கிரையான கன்ரபரிப் பேராலயத்தை மீளக் கட்டுவதற்குப் பிரான்சிலிருந்து வந்த சென்ஸ் நகரத்து வில்லியம் என்னும் தலைமைக் கட்டடக் கலைஞர், 1178இல் மேல்வளைவுக்கான ஆயத்தங்களைச் செய்துகொண்டிருந்தபோது, காலடியில் மரங்கள் முறிந்து ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து விழுந்தார். கல்லும் மரமும் அவரோடு சேர்ந்து விழுந்தன. சிறிது காலம் படுக்கையிற் கிடந்தவாறே வேலையை நடத்திப் பார்த்தார். முடியாமற்போகவே தாயகம் திரும்பினார். இதனைப் பதிவுசெய்த ஜேர்வஸ் என்னும் துறவி, அருகில் நின்றோர் எவருக்கும் ஊறின்றித் தலைவர் ஒருவருக்கே இது நேர்ந்தமையை எண்ணி, இறைவனின் தண்டனையோ சாத்தானின் பொறாமையோ என ஐயுறுகின்றார். முறிந்த மரத்தைப் பற்றி அவர் வினா எழுப்பவில்லை. வீழ்ச்சிக்குக் காரணம் விண்ணில் இருந்தமையால் மண்ணில் அதற்குக் கணக்குத் தீர்க்கும் தேவை எழவில்லை எனலாம்.

கைத்தொழிற் புரட்சியின் பின்னர் விண்ணுலகக் காரணம் மறைந்தது. அதன் இடத்திற்கு ஒப்பந்தம் வந்தது. இங்கிலாந்தில் 1837இல் தீர்க்கப்பட்ட பிறீஸ்லி எதிர் பௌலர் என்னும் வழக்கு இவ்வகையில் முக்கியமானது. அளவுக்கு மீறிய பாரம் ஏற்றப்பட்ட இறைச்சிக் கடைக்காரரின் வண்டி உடைந்து காயமுற்ற வேலையாள் ஒருவர் தம் எசமானிடம் நட்டஈடு கோரினார். மேன்முறையீட்டிற் பேசிய அபிஞ்சர் பிரபு, ஆபத்தென்று கண்டால் வேலையாள் மறுத்துவிடலாம் என்றும், எசமானைப் பொறுப்பாக்கினால் அப்பொறுப்புக்கு எல்லையே இராது என்றும் கூறிக் கோரிக்கையை நிராகரித்தார். ஐந்தாண்டுகளின் பின் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் நீதியரசர் லெமுவெல் ஷோ இக்கருத்தை மேலும் செம்மைப்படுத்தினார்: தொழிலின் ஆபத்து கூலியிலேயே அடங்கியுள்ளது, கூலியைப் பெற்றவன் ஆபத்தையும் ஏற்றவனாவான். உயரத்திற் பணிபுரிந்தோரைப் பொறுத்தவரை இதன் பொருள் தெளிவானது. சாரத்திலிருந்து விழுந்தவன் தான் முற்கூட்டியே விற்றுவிட்ட பொருளை இழந்தவனாகக் கருதப்பட்டான். இந்நிலையிற் கயிற்றுக்கும் வலைக்கும் பணம் செலவிடும் ஒப்பந்தகாரர், சந்தையில் தம் போட்டியாளரிடம் தோற்பதற்கே வழிசெய்துகொள்வார்.

இச்சிந்தனையின் உச்சத்திற் கட்டப்பட்டதே ஸ்கொத்லாந்தின் போர்த் புகையிரதப் பாலம். 1882இல் தொடங்கி 1890இல் நிறைவெய்திய அவ்வேலையில், நெருக்கடியான காலத்தில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் பணிபுரிந்தனர். இறந்தோர் 57 பேர் என நெடுங்காலம் சொல்லப்பட்டது. பிற்காலத்தில் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் பதிவுகளைத் தேடி அத்தொகை 73 என நிறுவினர். இறந்தவர்களின் எண்ணிக்கையே ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சரிவரத் தெரியாதிருந்தது என்பது அக்காலத்தின் கணக்கேட்டு முறையைப் பற்றி நமக்குப் போதிய அளவு சொல்லுகின்றது. அங்கு பாதுகாப்பு முற்றாக இல்லையெனக் கூறிவிடல் நியாயமன்று. வேலை நடந்த இடங்களின் கீழே ஆற்றிற் படகுகள் நிறுத்தப்பட்டன. அவை எட்டுப் பேரை உயிருடன் மீட்டன. தொழிலாளர் கட்டாயமாகச் சேரவேண்டிய நோய், விபத்து உதவிக் கழகமும் இயங்கிற்று. ஆனால் அக்கழகத்தின் நிதிக்குத் தொழிலாளரின் கூலியிலிருந்து பணம் பிடிக்கப்பட்டது. விழுபவனே தன் வீழ்ச்சிக்கு முற்பணம் கட்டிவந்தான். படகோ விழுந்தவனை நீரிலிருந்து எடுப்பது, விழாமற் காப்பதன்று.

மாற்றம் சட்டத்தின் வழியே வந்தது. 1885இல் நியூ யோர்க் மாநிலம், பாதுகாப்பற்ற சாரத்தினால் நேரும் காயங்களுக்கு வேலை கொடுப்போரைப் பொறுப்பாக்கும் சட்டமொன்றை இயற்றிற்று. பலமுறை திருத்தப்பெற்று இன்றும் அது நடைமுறையில் உள்ளது. காப்புறுதிச் செலவை அது உயர்த்துகின்றது என்று ஒப்பந்தகாரர் இன்றும் முறையிடுகின்றனர். செலவு உயர்கின்றது என்னும் அம்முறைப்பாடே சட்டம் வேலை செய்கின்றது என்பதற்குச் சான்று என எனக்குத் தோன்றுகின்றது. பிரித்தானியாவின் 1897ஆம் ஆண்டு வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் இதனினும் விரிவானது. எவருடைய தவறு என்று நிறுவவேண்டிய தேவையை அது நீக்கிற்று. வேலையின்போது நேர்ந்த காயமாயின் வேலை கொடுப்போர் பணம் செலுத்தல் வேண்டும். இறந்தவரைச் சார்ந்தோருக்கு மூன்றாண்டுக் கூலி அல்லது 150 பவுண், இவற்றுட் கூடியது, ஆனால் 300 பவுணுக்கு மேற்படாதது. புகையிரதம், தொழிற்சாலை, சுரங்கம் முதலியவற்றோடு, சாரமிட்டுக் கட்டப்படும் அல்லது திருத்தப்படும் 30 அடிக்கு மேற்பட்ட கட்டடங்களையும் அச்சட்டம் உள்ளடக்கியது. 29 அடியிலிருந்து விழுந்தவனின் எலும்பு முறியாது என்று நாடாளுமன்றம் கருதியிராது! ஆயினும் உயரம் என்பது அடிக்கணக்கில் அளந்து சட்டத்தில் எழுதப்பட்டது புதுமையே. எதைச் சாரம் என்பது என்றெல்லாம் வழக்குகள் எழுந்தன. 1906ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ எல்லாத் தொழில்களையும் தழுவியபோது அந்த முப்பதடி எல்லை மறைந்தது.

நட்டஈடு வந்தவுடன் கயிறு வந்துவிடவில்லை. அமெரிக்காவின் வானளாவிகளை எழுப்பிய உருக்குத் தொழிலாளர் 1930களிலும் உடலிற் கயிறின்றியே உத்தரங்களின்மேல் நடந்தனர். இக்காலத்தில் ஒரு கதையும் வளர்ந்தது: மொஹோக் இனத்தவர் போன்ற சிலருக்கு உயரத்தின் அச்சம் பிறவியிலேயே இல்லை என்பது அது. கனடாவில் 1907இல் கியூபெக் பாலம் கட்டுமானத்தின்போது இடிந்து 75 பேர் மாண்டனர். அவர்களுள் 33 பேர் கானவாக்கே என்னும் ஒரே குடியிருப்பைச் சேர்ந்த மொஹோக்கியர். அச்சமில்லாமை ஓர் இனத்தின் இயல்பு என்னும் கதை புகழ்ச்சி போலத் தோன்றினும், அச்சமற்றவனுக்குக் கயிறு எதற்கு என்னும் முடிவுக்கு அது எளிதில் இட்டுச்செல்லும். வீரப் புகழ் மலிவான கூலி.

1930 தொடக்கம் 1931 வரை 410 நாட்களில் எழுந்த எம்பயர் ஸ்டேட் கட்டடம் நமது பொருளுக்கு ஒரு வியப்பான சான்றைத் தருகின்றது. உத்தியோகபூர்வக் கணக்கின்படி அதன் கட்டுமானத்தில் ஐவர் இறந்தனர். கட்டி முடிந்தபின் அதன் யன்னல்களைத் துடைக்க வந்தோர் இடுப்பிற் பட்டியணிந்து, அதன் வார்களை யன்னல் ஓரத்திற் பதிக்கப்பட்ட ஆணிகளிற் கொளுவிக்கொண்டு வெளிப்புறமாகச் சாய்ந்து வேலை செய்தனர். அந்த ஆணிகளே இன்றைய கூரைப் பிணைப்பிடங்களின் முன்னோடிகள்: கட்டடத்தோடு கட்டடமாக, மனிதனைப் பிணைப்பதற்கென்றே திட்டமிட்டு வைக்கப்பட்டவை. கண்ணாடி துடைப்பவனுக்குக் கிடைத்த அப்பிடி, அதே கட்டடத்தின் சட்டகத்தை எழுப்பியவனுக்குக் கிட்டவில்லை. உபாகமத்தின் கைப்பிடிச் சுவரை ஈண்டு நினைவுகூரலாம்.

கட்டி முடிவதற்கு முன்னரே கட்டுவோனைக் காக்கமுடியும் என்பதைப் பேரளவிற் காட்டியது சன் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேற் பாலம். 1933 ஜனவரி 5இல் வேலை தொடங்கிற்று. அக்காலப் பாலவேலையில், செலவாகும் ஒவ்வொரு பத்து லட்சம் டொலருக்கும் ஓர் உயிர் போகும் என்பது தொழிலின் வாய்மொழிக் கணக்கு. பாலத்தின் செலவு மூன்றரைக் கோடி டொலர். ஆகவே 35 பேர் இறப்பர் என்பது எழுதப்படாத மதிப்பீடு. சீமெந்துக்கும் உருக்குக்கும் பக்கத்தில் உயிரையும் ஒரு செலவினமாக வைத்த இக்கணக்கை இன்று படிக்கும்போது உடல் சிலிர்க்கின்றது. ஆனால் அது கொடியவர் சிலரின் கணக்கன்று, சாதாரண பொறியியலாளரின் கணக்கு.

தலைமைப் பொறியியலாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் இதனை ஏற்க மறுத்தார். தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. பனிமூட்டத்தின் ஒளிக்கூச்சத்தைத் தடுக்கும் கண்ணாடிகள் வழங்கப்பட்டன. உத்தரங்களின்மேல் வித்தை காட்டுவோர் வேலையிலிருந்து நீக்கப்படுவர் என எச்சரிக்கப்பட்டது. வீரக்கதைகளுக்கு இதனினும் சிறந்த மறுப்பு வேறில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பாலத்தளத்தின் கீழே கரையிலிருந்து கரைவரை மணிலாக் கயிற்று வலை விரிக்கப்பட்டது. தளத்தின் அகலத்துக்கு அப்பாலும் இருபுறமும் பத்தடி அது நீண்டிருந்தது. அதன் செலவு ஏறத்தாழ 130,000 டொலர். முழுச் செலவில் நூற்றுக்கு அரைப் பங்கிலும் குறைவு. பத்தொன்பது பேர் அவ்வலையில் விழுந்து உயிர் தப்பினர். நரகத்துக்கு அரைவழி போய்த் திரும்பியோர் சங்கம் என்று அவர்கள் தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டனர்.

மூன்றே முக்கால் ஆண்டுகளாக ஓர் உயிரும் போகவில்லை. 1936 ஒக்டோபரிற் பாரந்தூக்கி ஒன்று சரிந்து ஒருவர் இறந்தார். பின்னர் 1937 பெப்ரவரி 17 வந்தது. தளத்தின் அடிப்பக்கத்திலிருந்து கொங்கிறீற்று அச்சுப் பலகைகளைக் கழற்றுவதற்கென, ஏறத்தாழ ஐந்து தொன் எடையுள்ள தொங்குமேடையொன்று பாலத்தின் உத்தரத்தில் மாட்டி நகர்த்தப்பட்டு வந்தது. அதன் பிடிப்புகள் அன்று காலை விட்டுப்போயின. மேடை வலையில் விழுந்தது. மனிதரைத் தாங்குவதற்கென முடையப்பட்ட வலை அப்பாரத்தைத் தாங்கமாட்டாமற் கிழிந்து நீண்ட தூரத்துக்கு உரிந்துகொண்டு போயிற்று. மேடையோடும் வலையோடும் பன்னிருவர் 200 அடிக்கு மேற்பட்ட ஆழத்திலுள்ள நீரில் விழுந்தனர். இருவர் மாத்திரம் பிழைத்தனர். அவ்வாண்டு மே மாதம் பாலம் திறக்கப்பட்டபோது இறந்தோர் தொகை பதினொன்றாயிருந்தது. 35 என்ற மதிப்பீட்டோடு ஒப்பிடின் அது வெற்றியே. அதே குடாவில், ஏறத்தாழ அதே ஆண்டுகளிற் கட்டப்பட்ட ஓக்லண்ட் பாலத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

பெப்ரவரி 17இன் பாடத்தைப் பலர் வலையின் தோல்வியாகக் காண்கின்றனர். என் நோக்கில் அது பிணைப்பிடத்தின் தோல்வி. வலை முதலிற் கிழியவில்லை. மேடையைப் பாலத்தோடு சேர்த்த பிடிப்பே முதலில் விட்டது. உயரத்தில் உள்ள ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்திற் கட்டப்பட்டிருக்கின்றது. அவ்விடம் தாங்கவில்லையாயின் அதற்குக் கீழுள்ள அனைத்தும் வீண். தொழிலாளர் 'அங்கர்' என்று வழங்கும் இப்பிணைப்பிடத்தின் வரலாறு இதன் பின்னரே தனியாகத் தொடங்குகின்றது எனலாம்.

இவ்விடத்திற் சிறிது பௌதிகம் தேவைப்படுகின்றது. 80 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 1.8 மீற்றர், அதாவது ஓர் ஆளுயரம், விழுகின்றார் என்று கொள்வோம். செக்கனுக்கு ஏறத்தாழ 6 மீற்றர் வேகத்தை அவர் அடைகின்றார். கயிறு நீளாது இறுகி 10 சென்ரிமீற்றருக்குள் அவரை நிறுத்துமாயின், அவர் உடலிலும் பிணைப்பிடத்திலும் தாக்கும் சராசரி விசை அவரது எடையின் பத்தொன்பது மடங்கு. ஏறத்தாழ ஒன்றரைத் தொன். அதே வீழ்ச்சி ஒரு மீற்றர் தூரத்தில் மெல்ல நிறுத்தப்படுமாயின் விசை எடையின் மூன்று மடங்கிலும் குறையும். மணிலாக் கயிற்றிற் கட்டுண்டு விழுந்தவன் நிலத்தில் மோதாவிடினும் கயிற்றினாலேயே முதுகெலும்பு முறியக்கூடும். 1930களின் பிற்பகுதியிற் தோன்றிய நைலோன் இழை நீண்டுகொடுக்கும் இயல்பினாற் பெரும் மாற்றத்தை விளைவித்தது. பின்னர், இறுகும்போது தையல் பிரிந்து அதிர்ச்சியை உறிஞ்சும் வார்கள் வந்தன. பொருள்களின் வளர்ச்சி அரைவாசி விடை என்று மேலே கூறியது இதனாலேயே.

நமது யாழ்ப்பாணத்துப் பனையேறும் தொழிலாளி காலிலிடும் தளைநாரை இங்கு ஒப்புநோக்கலாம். அது மரத்தைப் பற்றி நிற்கத் துணைசெய்வது. பிடி தவறினால் அவனை நிறுத்துவதன்று. மின்கம்பத் தொழிலாளியின் இடுப்புப் பட்டியும் அடிப்படையில் இவ்வகையினதே. நிற்கச் செய்யும் கருவி வேறு, வீழ்ச்சியை நிறுத்தும் கருவி வேறு என்னும் வேறுபாடு தெளிவுபடப் பல பத்தாண்டுகள் சென்றன. இடுப்புப் பட்டி விசை முழுவதையும் வயிற்றில் ஒன்றுகுவிக்கின்றது. தலைகீழாகத் தொங்குபவன் அதிலிருந்து வழுவியும் போகலாம். தொடை, இடுப்பு, மார்பு, தோள் எங்கும் விசையைப் பகிரும் 'ஹாநெஸ்' எனப்படும் முழுவுடல் வார்க்கச்சு அதன் இடத்தைப் பிடித்தது. அமெரிக்கக் கட்டட வேலைகளில் 1998 ஜனவரி 1இலிருந்து வீழ்ச்சியை நிறுத்துவதற்கு இடுப்புப் பட்டியைப் பயன்படுத்தல் தடைசெய்யப்பட்டது.

இத்தடைக்கு அடிப்படையானது 1970ஆம் ஆண்டின் தொழிற் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் அதன்கீழ் 1994இல் வெளியிடப்பட்ட விதிகளும். கட்டட வேலையில் ஆறடிக்கு மேற்பட்ட பாதுகாப்பற்ற விளிம்பெதிலும் காப்பு வேண்டும். ஒருவரைப் பிணைக்கும் இடம் 5,000 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 22 கிலோநியூற்றன், தாங்கவேண்டும் அல்லது தகுதியுள்ளவரின் வடிவமைப்பில் இரட்டிப்புக் காப்புக் கொண்டதாயிருத்தல் வேண்டும். 1897இன் முப்பதடியை இந்த ஆறடியோடு ஒப்பிடுக. உயரம் குறைந்தது மட்டுமன்றிச் சட்டத்தின் நேரமும் மாறியது. பழைய சட்டம் விழுந்தபின் பணம் கேட்டது. புதிய சட்டம் விழுமுன் கயிறு கேட்கின்றது.

கயிறு கேட்டாற் போதுமா? கூரைமேல் ஏறிய தொழிலாளி வார்க்கச்சு அணிந்திருக்கலாம். கொளுக்கியை எதிற் கொளுவுவான்? கைப்பிடிக் கம்பியும் நீர்க்குழாயும் இரண்டு தொன் தாங்குவன அல்ல. எமது நாட்டில் எங்கும் காணும் அஸ்பெஸ்ரஸ் தகட்டுக் கூரையில் விளிம்பைவிடத் தகடே ஆபத்தானது. மிதித்தால் உடைந்து ஆளை உள்ளே விழுத்திவிடும். அத்தகட்டில் எதனைப் பிணைப்பது? இதற்கான விடையைக் கூரையில் நிற்பவனாற் கண்டுபிடிக்க முடியாது. வரைபலகையின் முன் அமர்ந்தவரே காணவேண்டும். தூண் எங்கே, உத்தரம் எங்கே, அதில் வளையத்தைப் பதிப்பது எவ்வாறு என்பன கட்டடம் தாளில் இருக்கும்போதே தீர்மானிக்கப்படவேண்டியவை. 1992இல் ஐரோப்பிய சமூகம் வெளியிட்ட கட்டுமானக் களங்கள் பற்றிய பணிப்புரையும், அதன்வழி 1994இற் பிரித்தானியா ஆக்கிய விதிகளும் வடிவமைப்பாளர்மீது நேரடியாகக் கடமையைச் சுமத்தின. பொறுப்பு வேலையாளிடமிருந்து எசமானுக்கும், எசமானிடமிருந்து பொறியியலாளருக்கும் ஏறிச் சென்ற பாதை இது.

எமது சட்டமும் இக்கிளையினின்று வந்ததே. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் பிரித்தானிய நட்டஈட்டு மரபைப் பின்பற்றியது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றியது. இவை வரும்போது நம் நகரங்களில் நாலு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் அரிது. இன்று கொழும்பின் கடற்கரையில் நாற்பது மாடிகள் நிற்கின்றன. ஒப்பந்தகாரருக்குக் கீழ் உபஒப்பந்தகாரர், அவருக்குக் கீழ் ஆள் சேர்ப்பவர் என்று நீளும் சங்கிலியின் கடைசியில், நாட்கூலிக்குச் சாரத்தில் ஏறும் இளைஞனுக்கு எசமான் யார் என்பதே முதல் வினாவாகிவிடுகின்றது. பெயரற்ற எசமானிடம் வீழ்ச்சியின் விலையைக் கேட்க இயலாது. கேட்கப்படாதவிடத்துக் கூலியில் ஆபத்து அடங்கியுள்ளது என்ற 1842ஆம் ஆண்டுத் தீர்ப்பே, எவரும் எழுதாமல், மீண்டும் நடைமுறைக்கு வருகின்றது.

நன்கு அமைக்கப்பட்ட கூரையொன்றில் இன்று ஏறிப் பார்ப்போர், விளிம்பிலிருந்து சற்றே உள்ளே, உத்தரத்தோடு இறுக்கப்பட்ட உருக்கு வளையங்கள் இடைவெளிவிட்டு வரிசையாக நிற்பதைக் காணலாம். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு தகடு இருக்கும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் அதிற் கொளுவலாம் என்பதும், கடைசியாக அது எப்பொழுது பரிசோதிக்கப்பட்டது என்பதும் அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். பரிசோதனை ஆண்டுக்கொருமுறை நடைபெறல் வேண்டும்.